பெரிய எழுத்தில் இருப்பவரும் உங்கள் கணவர்தான்

ரொறன்ரோவுக்கு வெளியே வசிக்கும் ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

திருமணமாகி 19 வருடம். இரண்டு பிள்ளைகள், மூத்தவன் பன்னிரண்டாம் வகுப்பு. கணவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை உண்டு. "பிறகு பார்ப்போம்" என்று குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டார். வாசகி குடியுரிமை எடுத்தவர். வீடு இருவர் பெயரிலும், மாறும் வட்டியில். 2022 தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த, நாட்டின் மத்திய வங்கியான கனடா வங்கியின் அடிப்படை வட்டி 2023 ஜூலையில் 5 சதவீதத்துக்கு ஏறியபோது, தவணை கட்டக் கடன் அட்டைகளைத் தேய்த்தார்கள். அதில் 60,000 டொலர் சேர்ந்துவிட்டது. போன வருடம் கணவருக்கு வேலையும் போனது.

கூட வேலை செய்த ஒருவர் அவரை ஒரு செமினாருக்கு அழைத்துப் போயிருக்கிறார். 3,500 டொலர் கட்டித் தடித்த கோப்பு ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். இப்போது தன் பெயரை நடுவில் கோடும் புள்ளியும் போட்டு எழுதுகிறார். வங்கிக் கடிதத்தின் குறுக்கே ஏதோ வாசகம் எழுதி, சிவப்பு மையில் பெருவிரல் அடையாளம் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, இரண்டு மாதமாகத் தவணை கட்டவில்லை. வானின் இலக்கத் தகட்டைக் கழற்றி, "தனியார் பயணம்" என்று தானே செய்த தகட்டைப் பூட்டியிருக்கிறார். வான் வாசகியின் பெயரில் இருக்கிறது. வதிவிட அட்டையை "நான் உங்கள் சொத்து அல்ல" என்று எழுதி ஒட்டாவாவுக்குத் தபாலில் போட்டுவிட்டார். வரிப் படிவத்தில் இரண்டு இலட்சம் டொலர் வியாபார நட்டம் காட்டியிருக்கிறார். அவருக்கு வியாபாரமே கிடையாது. வருகிற சனிக்கிழமை இருவரும் நொத்தாரிசு ஒருவரிடம் போய், வீட்டை ஒரு "தனியார் டிரஸ்டுக்கு" மாற்றிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அந்த டிரஸ்டின் பொறுப்பாளர், செமினார் நடத்தியவர்.

"அவர் கெட்ட மனுசன் இல்லை. குடிக்க மாட்டார். இரவு இரண்டு மணி வரைக்கும் இருந்து படிக்கிறார். படிக்கிற மனுசனை எப்படி நிறுத்துவது?" என்று கேட்டிருக்கிறார். இதெல்லாம் உண்மையா, கையெழுத்து வைக்கலாமா, அவரைப் பிடிப்பார்களா என்றும் கேட்கிறார். கையெழுத்து வைக்காவிட்டால் புருசனுக்குத் துரோகம் என்று மாமி சொல்வது சரியா என்பது கடைசிக் கேள்வி.

அன்புச் சகோதரி,

சனிக்கிழமை நெருங்குவதால் கையெழுத்து விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வைக்காதீர்கள். சனிக்கிழமை மட்டுமல்ல, அதற்குப் பிறகும், உங்களுக்கென்று தனியாக ஒரு சட்டத்தரணி அந்தப் பத்திரத்தை வாசித்துச் சொல்லும்வரை வைக்காதீர்கள்.

ஒன்ராறியோ குடும்பச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கிறது. குடும்பம் வசிக்கும் வீட்டைக் கணவனோ மனைவியோ மற்றவரின் சம்மதம் இல்லாமல் விற்கவோ, மாற்றவோ, அடகு வைக்கவோ முடியாது. வீடு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தாலும் இதுதான் சட்டம். உங்கள் விஷயத்தில் இருவர் பெயரிலும் இருக்கிறது. அந்தச் செமினார்காரர் உங்களையும் அழைத்துவரச் சொன்னது உங்கள் மீதுள்ள மரியாதையால் அல்ல. உங்கள் கையெழுத்து இல்லாமல் அவருக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்லும் கிடைக்காது.

நொத்தாரிசு என்றதும் எங்கள் ஆட்களுக்கு ஒரு பயபக்தி வருவது எனக்குத் தெரியும். இலங்கையில் காணி உறுதி நொத்தாரிசு முன்னால் எழுதப்படாவிட்டால் செல்லாது. அங்கே அவர் பெரிய ஆள். இங்கே அப்படியல்ல. ஒன்ராறியோவில் நொத்தாரிசின் முத்திரை சொல்வது ஒன்றுதான்: இந்தக் கையெழுத்தை இன்னார் என் முன்னால் வைத்தார். மேலே எழுதியிருப்பது உண்மையா பொய்யா என்பது பற்றி அந்த முத்திரைக்கு ஒன்றும் தெரியாது. சந்திரனை எனக்கு எழுதித் தருகிறேன் என்று நீங்கள் எழுதினால் அதிலும் முத்திரை குத்தலாம்.

வெருளியின் கதை

இனி அந்தக் கோப்பு. உங்கள் கணவர் உங்களுக்கு விளக்கியதும் நீங்கள் எனக்கு எழுதியதும் ஏறக்குறைய இதுதான். நாம் பிறந்தவுடன் அரசாங்கம் நம் பெயரில் ஒரு போலி ஆளை உருவாக்குகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கும் பெயர் அந்தப் போலி ஆளுடையது. ஆங்கிலத்தில் வைக்கோல் மனிதன் என்கிறார்கள். எங்கள் ஊர்ச் சொல்லில் வெருளி. கடனும் வரியும் அபராதமும் வெருளிக்கு, இரத்தமும் சதையுமான மனிதனுக்கு அல்ல. 1933இல் அமெரிக்கா டொலருக்குத் தங்கத்தை ஈடாக வைப்பதைக் கைவிட்டதிலிருந்து அரசுகள் நம் பிறப்புச் சான்றிதழ்களை அடகு வைத்துக் கடன் வாங்குகின்றன; ஆகவே வெருளியின் பெயரில் ஒரு இரகசியக் கணக்கு இருக்கிறது; சரியான வாசகத்தைச் சரியான மையில் எழுதினால் அந்தக் கணக்கிலிருந்து நம் கடன் தீர்ந்துவிடும்.

இது உங்கள் கணவர் கண்டுபிடித்ததும் அல்ல, அந்தச் செமினார்காரர் கண்டுபிடித்ததும் அல்ல. 1970களில் அமெரிக்காவில் "போஸே கொமிட்டேட்டஸ்" என்ற வரி எதிர்ப்புக் கூட்டம் ஒன்று இருந்தது. 1980களில் பண்ணைகள் கடனில் மூழ்கியபோது விவசாயிகளிடம் அது பரவியது. வெருளிக் கணக்குக் கதையை இன்றைய வடிவில் விற்கத் தொடங்கியவர் ரொஜர் எல்விக் என்ற அமெரிக்கர், 1990களின் கடைசியில். கனடாவுக்கு அது "வரி விலக்கிகள்", "நிலத்தின் சுதந்திர மனிதர்கள்" என்ற பெயர்களில் வந்தது. ஆரம்பக் கூட்டத்தின் கொள்கைப்படி முழு இறைமையுள்ள குடிமகன் வெள்ளையன் மட்டுந்தான். மற்றவர்களுக்கு அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் போட்ட பிச்சைக் குடியுரிமைதான். பிறகு எல்லா நிறத்தவரும் இதை எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் உங்கள் கணவர் 3,500 டொலர் கொடுத்து வாங்கிய கோப்பின் பாட்டன் அவரை வாசற்படியிலும் ஏற்றியிருக்க மாட்டார்.

நான் அவரோடு வாதாடினால் ஒரேயொரு விஷயத்தைத்தான் கேட்பேன். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவருடைய பிறப்புப் பதிவு அங்கே, தமிழில், ஒரு பதிவாளர் கையால் எழுதியது. தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. அப்படியென்றால் வெருளி எந்த எழுத்தில் பிறந்தான்? யாழ்ப்பாணத்தில் ஒரு குழந்தை பிறந்ததை வைத்து ஒட்டாவாவில் எப்படிக் கணக்குத் திறந்தார்கள்? அவர் இந்த நாட்டுக்கு வரப்போவது அவருடைய அம்மாவுக்கே அன்று தெரியாதே.

ஆனால் நக்கலோடு இதை நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கதை ஏன் எங்கள் ஆட்களிடம் ஒட்டுகிறது என்று நான் யோசித்திருக்கிறேன். எங்களில் எத்தனை பேருக்கு எல்லா அட்டையிலும் ஒரே பெயர் இருக்கிறது? அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. எங்கள் சொந்தப் பெயரின் பாதி எங்கேயோ வெட்டுப்பட்டுவிட்டது. கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கியில் இன்னொன்று. தொலைபேசியில் யாரோ எங்களை அப்பாவின் பெயரால் கூப்பிடும்போது "அது நான் இல்லையே" என்று ஒரு கணம் தோன்றாத தமிழர் இந்த நாட்டில் குறைவு. அதற்கு மேல், சோதனைச் சாவடியில் அடையாள அட்டை ஒன்று உயிரைக் காத்ததையும், இல்லாததால் உயிர் போனதையும் பார்த்த தலைமுறை இது. தாளுக்கும் முத்திரைக்கும் மந்திர சக்தி உண்டு என்று அந்தத் தலைமுறையிடம் சொன்னால் நம்பும். அரசாங்கம் ஏமாற்றும் என்று சொன்னால் அதைவிட வேகமாக நம்பும். உங்கள் கணவர் முட்டாள் அல்ல, சகோதரி. அவருடைய அனுபவத்தின் மேல் யாரோ வியாபாரம் செய்கிறார்கள்.

பொய்க்குள் கிடக்கும் உண்மைத் துண்டுகள்

உங்கள் மகன் "எல்லாம் விசர்க் கதை" என்று சொன்னதும் அப்பா ஆதாரங்களை எடுத்துக் காட்டினார், மகனால் பதில் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சில ஆதாரங்கள் உண்மையானவைதான். அதனால்தான் பதில் சொல்லச் சிரமம்.

கனடா என்பது அமெரிக்காவில் பதிவான ஒரு கம்பனி என்று காட்டியிருப்பார். அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் பதிவேட்டில் கனடாவின் பெயர் உண்மையிலேயே இருக்கிறது. காரணம், கனடா அரசு அமெரிக்கச் சந்தையில் கடன் பத்திரம் விற்கிறது. அங்கே பத்திரம் விற்கும் வெளிநாட்டு அரசு அங்கே ஆவணம் தாக்கல் செய்ய வேண்டும். வேறு பல நாடுகளின் பெயரும் அதே பதிவேட்டில் இருக்கிறது.

கனடா வங்கியில் தனிமனிதர்களின் பணம் கிடக்கிறது என்பதும் ஒரு வகையில் உண்மை. வங்கிக் கணக்கு ஒன்று 10 வருடம் தொடப்படாமல் கிடந்து, உரியவரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அந்தப் பணம் கனடா வங்கிக்குப் போகும். உரிமை கோரப்படாத மீதி என்று அதற்குப் பெயர். இணையத்தில் உங்கள் பெயரைப் போட்டு யாரும் இலவசமாகத் தேடலாம். அது நீங்களோ உங்கள் ஆட்களோ முன்பு போட்டு மறந்த பணம். பிறந்ததற்காக யாரும் போட்ட பணம் அல்ல.

வங்கி கடன் கொடுக்கும்போது புதிதாகப் பணம் உருவாகிறது என்பதும் பொருளியல் புத்தகத்தில் உள்ளதுதான். அதனால் கடன் செல்லாது என்று அர்த்தமில்லை. அந்தப் பணத்தைக் கொண்டுதான் உங்களுக்கு வீடு விற்றவருக்குக் காசு போனது. நீங்கள் சாவி வாங்கினீர்கள்.

மக்னா கார்ட்டா என்ற பழைய இங்கிலாந்துச் சாசனத்தில், மன்னரை எதிர்க்க இடம் தந்த 61ஆவது பிரிவையும் காட்டியிருப்பார். அது 1215இல் எழுதப்பட்டு, 1216இல் திரும்ப வெளியிட்டபோதே நீக்கப்பட்டது. ஒன்றரை வருடம்கூடத் தாக்குப்பிடிக்காத பிரிவு, சரி விடுங்கள்.

நீதிமன்றத்தில் என்ன நடக்கும்

2012 செப்டம்பரில் அல்பேர்ட்டாவின் குயீன்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தில் இணைத் தலைமை நீதிபதி ஜோன் ரூக் ஒரு தீர்ப்பு எழுதினார். விஷயம் என்னவோ சாதாரண விவாகரத்து. கணவர் தரப்பு இதே கோப்போடு வந்தது: நான் வேறு, பெரிய எழுத்துப் பெயர் வேறு, மனைவிக்கும் பிள்ளைக்கும் பணம் கொடுக்கும் கடமை எனக்கில்லை. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ரூக் அந்த ஒருவருக்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், கனடா முழுக்க வந்த இப்படியான வழக்குகளைத் தேடி வாசித்து, எழுநூறுக்கும் மேற்பட்ட பத்திகளில் ஒவ்வொரு வாதத்தையும் பிரித்துப் போட்டார். ஒழுங்கமைக்கப்பட்ட போலிச் சட்ட வணிக வாதங்கள் என்று இவற்றுக்கு அவர் வைத்த பெயரைத்தான் கனடிய நீதிமன்றங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. இந்த வாதங்கள் எந்த நீதிமன்றத்திலும் வென்றதில்லை என்பது அவருடைய முடிவு. இப்படியான தாள்களுக்கு முத்திரை குத்தும் சட்டத்தரணிகளையும் நொத்தாரிசுகளையும் அவர் விட்டுவைக்கவில்லை.

பெயரைக் கோடு போட்டு எழுதியதற்காக யாரையும் சிறையில் போட மாட்டார்கள். சட்டத்துக்கு அப்பாற்பட்டவன் என்று நம்புவதும் குற்றமல்ல. அந்த நம்பிக்கையில் செய்கிற காரியங்கள்தான் பிரச்சினை. கல்கரியில் ஒருவர், வாடகைக்கு எடுத்த வீட்டைத் தன் தூதரகம் என்று அறிவித்துப் பூட்டை மாற்றிவிட்டார். வீட்டுக்காரியான ஓய்வுபெற்ற பெண் தன் வீட்டுக்குள்ளேயே போக முடியாமல் நின்றார். 2013இல் பொலிஸ் வந்துதான் அது முடிந்தது.

வரி விஷயம் இதைவிடக் கனமானது. ஒன்ராறியோவில் "பிஸ்கல் ஆர்பிட்ரேட்டர்ஸ்" என்ற பெயரில் ஒரு கூட்டம் இயங்கியது. இல்லாத வியாபாரத்துக்கு நட்டம் காட்டி, கையெழுத்துக்கு முன்னால் ஒரு விசேஷச் சொல் சேர்த்துப் படிவம் அனுப்பச் சொன்னது. உங்கள் கணவர் செய்ததும் அச்சு அசல் அதுதான். அதை நடத்திய லோரன்ஸ் வாட்ஸ் 2016இல் மோசடிக்காக ஆறு வருடச் சிறைத் தண்டனை பெற்றார். உங்களுக்கு முக்கியம் அவர் அல்ல, அவரிடம் போனவர்கள். "எங்களை ஏமாற்றிவிட்டார்கள்" என்று அவர்கள் வரி நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2013இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இவ்வளவு பெரிய நட்டத்தைப் பார்த்தும் கேள்வி கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டீர்கள் என்று தண்டப் பணத்தை உறுதி செய்தது. வருமான வரிச் சட்டத்தின் 163ஆம் பிரிவில் அந்தத் தண்டம், பொய்யால் குறைந்த வரியின் 50 சதவீதம். வரியும் வட்டியும் தனி.

அவர் கனடியக் குடிமகன் அல்ல என்பதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது அந்த வரிதான். 5,000 டொலருக்கு மேற்பட்ட மோசடிக்கு அதிகபட்சத் தண்டனை 14 வருடம். 10 வருடமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் தீர்ப்பு வந்தால், நிரந்தர வதிவாளர் ஒருவர் குடிவரவுச் சட்டப்படி பாரதூரமான குற்றம் செய்தவராகிவிடுவார். நீதிபதி உண்மையில் எத்தனை மாதம் கொடுத்தார் என்பதைப் பார்க்காமலே அந்த முத்திரை விழும். ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறை கிடைத்தால், நாடு கடத்தும் கட்டளைக்கு எதிரான முறையீட்டு உரிமையும் போகும். குடிமக்களுக்கு இந்தப் பயம் இல்லை. செமினார்காரருக்கும் இல்லாமல் இருக்கலாம்.

வதிவிட அட்டையைத் தபாலில் போட்டதால் மட்டும் அவருடைய உரிமை போய்விடவில்லை. அதை முறையாகக் கைவிட விண்ணப்பித்து அது ஏற்கப்பட வேண்டும். ஆனால் அட்டை இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வர விமானத்தில் ஏறுவது பெரும்பாடு. ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைப் பார்க்கும்வரை அவர் ஒட்டாவாவுக்கு இன்னொரு கடிதம் போடாமல் இருந்தால் அதுவே பெரிய காரியம்.

இந்தக் கிழமை நீங்கள் செய்ய வேண்டியவை

முதலில் வான். இன்றே காப்புறுதிக் கம்பனிக்குப் போன் எடுத்து, உங்கள் காப்புறுதி உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். "பயணம் செய்வது உரிமை, ஓட்டுவது வியாபாரம்" என்பது அந்தக் கோப்பின் வாசகம். உரிமைகள் சாசனத்தின் 6ஆம் பிரிவு தருவது நாட்டுக்குள் வரவும், வெளியே போகவும், மாகாணம் மாறவும் உள்ள உரிமை. ஸ்ரியரிங் பிடிக்கிற உரிமை அதில் இல்லை. காப்புறுதி இல்லாமல் வாகனத்தைத் தெருவில் விட்டால் ஒன்ராறியோவில் முதல் முறையே 5,000 முதல் 25,000 டொலர் வரை அபராதம். ஓட்டவிட்ட சொந்தக்காரருக்கும் இது பொருந்தும், சொந்தக்காரர் நீங்கள். அவர் யாரையாவது இடித்தாலும், உங்கள் சம்மதத்தோடு ஓட்டியிருந்தால், நட்டஈட்டுக்கு உங்கள் வாசலுக்கும் வருவார்கள். சாவியை வாங்கி வையுங்கள். பழைய தகட்டைத் திரும்பப் பூட்டி, காப்புறுதியும் உறுதியாகும்வரை வான் வாசலைத் தாண்டக் கூடாது. பிள்ளைகளை அதில் ஏற்றவே வேண்டாம். இந்தக் கோப்போடு வீதியில் பொலிஸ் மறிக்கும்போது "நீ யார் கேட்க" என்று ஆரம்பித்த சம்பவங்கள் எல்லாம் அபராதச் சீட்டோடு முடியவில்லை. 2010 மே மாதம் அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் ஒரு தகப்பனும் பதினாறு வயது மகனும் இரண்டு பொலிஸாரைச் சுட்டுக் கொன்று, அன்றே தாங்களும் சுடப்பட்டு இறந்தார்கள். உங்கள் கணவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் துப்பாக்கி பற்றிய பேச்சோ, அதிகாரிகளை "கைது செய்வோம்" என்ற பேச்சோ வந்தால், அது சட்டத்தரணியோடு மட்டும் கதைக்கிற விஷயம் அல்ல.

அடுத்தது வீட்டுக் கடன். பெருவிரல் அடையாளம் வைத்த தாள் வங்கியில் ஏதோ ஒரு கோப்புக்குள் போயிருக்கும். கடன் அப்படியே இருக்கிறது. நீங்களும் கையெழுத்திட்டிருப்பதால் முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். ஒன்ராறியோவில் வழமையான வழி "பவர் ஒஃப் சேல்", அதாவது வங்கியே வீட்டை விற்றுக் கடனை எடுப்பது. தவணை தவறி 15 நாளானதும் வங்கி விற்பனை அறிவித்தல் அனுப்பலாம். அனுப்பி 35 நாளாவது கழிந்த பிறகுதான் விற்கலாம். உங்களுக்கு இன்னும் அறிவித்தல் வரவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் அவகாசம் இருக்கிறது, நிறைய இல்லை. தபால் பெட்டியை நீங்களே திறங்கள். மனைவி என்ற முறையில் அந்த அறிவித்தலைப் பெறவும், பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கவும் உங்களுக்குத் தனி உரிமை உண்டு. கணவர் சம்மதிக்கத் தேவையில்லை.

வங்கிக்கு நீங்களே போன் எடுத்து, கணவரின் கடிதங்களை நீங்கள் ஆதரிக்கவில்லை, கட்ட வழி தேடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். சிரமத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்குக் கடன் காலத்தை நீட்டுவது, சில கட்டணங்களைத் தள்ளுபடி செய்வது போன்ற நிவாரணங்களை வங்கிகள் பரிசீலிக்க வேண்டும் என்று மத்திய நிதி நுகர்வோர் முகவரகம் 2023 ஜூலையில் வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டே கேளுங்கள். பேசியவரின் பெயரையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

60,000 டொலர் அட்டைக் கடனுக்கு உரிமம் பெற்ற திவால்நிலைப் பொறுப்பாளர் ஒருவரைப் பாருங்கள். நுகர்வோர் முன்மொழிவு என்று ஒரு வழி இருக்கிறது: வீட்டுக் கடன் நீங்கலாக 250,000 டொலர் வரையான கடனில் ஒரு பகுதியை, அதிகபட்சம் 5 வருடத்தில் கட்டிக் கணக்கை முடிக்கலாம். கடன் கொடுத்தவர்கள் பெரும்பான்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். தாக்கல் செய்தவுடன் அட்டைக்காரர்களின் தொல்லை நிற்கும். உங்கள் கணவர் தேடுகிற கடன் விடுதலை, பாதி அளவிலாவது, சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. செமினாரில் இதைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கோப்பு விற்காது.

மூன்றாவது, வருமான வரி. பொதுவாக அவருடைய வரிக்கு நீங்கள் பொறுப்பல்ல. இரண்டு இடத்தில் மட்டும் மாட்டுவீர்கள். பிள்ளைகளுக்கான கொடுப்பனவு குடும்ப வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அவருடைய பொய் நட்டத்தால் அது கூடியிருந்தால், கூடுதல் பணம் வந்தது உங்கள் கணக்குக்கு. திருப்பிக் கேட்பார்கள். அதைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். அடுத்தது, "வீட்டைக் காப்பாற்ற" அவருடைய பங்கை உங்கள் பெயருக்கு எழுதலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வரி பாக்கி உள்ளவர் மனைவிக்குச் சொத்தை மாற்றினால், அந்த அளவுக்கு வரியை மனைவியிடம் வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த யோசனை வேண்டாம். பொய் படிவத்தை அவரே திருத்த விரும்பினால், தானாக முன்வந்து வெளிப்படுத்தும் திட்டம் ஒன்று கனடாவின் வரித் திணைக்களமான சி.ஆர்.ஏ.யிடம் இருக்கிறது. அவர்கள் கேட்பதற்கு முன் போனால் சலுகை அதிகம். ஆனால் ஒரு வரிச் சட்டத்தரணியோடுதான் போக வேண்டும். கணக்காளரிடம் சொல்வது இரகசியமாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, சட்டத்தரணியிடம் உண்டு.

அவரோடு எப்படிக் கதைப்பது

வெருளியைப் பற்றி வாதாடாதீர்கள். ஒரு வாதத்தில் நீங்கள் வென்றால் அவர் இரவு மூன்று மணி வரை இருந்து அடுத்ததைக் கண்டுபிடிப்பார். மகனையும் வாதாட விடாதீர்கள். பிள்ளையிடம் தோற்க எந்தத் தகப்பனும் விரும்ப மாட்டார், அது அவரை இன்னும் உள்ளே தள்ளும். வேலை போன நாளிலிருந்து அந்தக் கோப்பைத் திறந்தால்தான் அவர் மதிப்புள்ள ஆளாக உணர்கிறார் என்பது என் ஊகம்.

"நான் உங்களோடு இருக்கிறேன், இந்தத் தாளோடு இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். செமினார்காரரின் சொந்த வீட்டுக் கடன் இப்படித் தீர்ந்ததா, அந்தத் தாளைக் காட்டுவாரா என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பதிலாக இன்னும் ஒரு கட்டண வகுப்பு வரும்.

மாமிக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். அந்தச் சனிக்கிழமைப் பத்திரத்தால் அவருடைய மகனின் வீடு ஊர் பேர் தெரியாத ஒருவரின் கைக்குப் போகிறது என்று சொல்லுங்கள். ஊரில் காணி உறுதியை யாருக்கும் கடன் கொடுக்காத தலைமுறை அது. அவருக்கு விளங்கும்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்று எழுதியிருந்தீர்கள். சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக முதல் 30 நிமிடம் வரை இலவச ஆலோசனை கிடைக்கும். தமிழ் பேசுபவர் வேண்டும் என்று கேட்கலாம். நான் இங்கே எழுதியது பொதுவான விளக்கம். உங்கள் கடன் பத்திரத்தையும் காப்புறுதியையும் கையில் வைத்துப் பார்க்கிறவர் சொல்வதுதான் உங்களுக்கான ஆலோசனை.

அவர் வங்கிக்கு அனுப்பிய பதிவுத் தபாலின் ரசீதை நகலெடுத்து இணைத்திருந்தீர்கள். அனுப்புநரின் பெயர் அதிலும் பெரிய எழுத்தில்தான் அச்சாகியிருக்கிறது. ரசீதை வீசிவிடாதீர்கள். அதில் திகதி இருக்கிறது. சட்டத்தரணி முதலில் கேட்பது அதைத்தான்.